உராய்வும் தொடுகை மூப்பும்

ஒரு பொருளை ஓரிடத்தே வைத்துவிட்டு, நெடுநாள் கழித்து அதனை நகர்த்தப் புகுவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். வைத்த அப்பொழுதே தள்ளின் இலேசாக நகர்ந்த பொருள், பல நாள் கிடந்த பின்னர்ச் சற்று மிகுந்த வலிமையை வேண்டி நிற்கும். அதன் எடை கூடிற்றில்லை, தரையும் வேறாயிற்றில்லை. வாளா கிடந்தது ஒன்றே அதற்கு நேர்ந்தது. அங்ஙனமாயின் அப்புதிய பிடிப்பு யாங்ஙனம் வந்தது? இவ்வினா சிறிதாகத் தோன்றினும், இதற்கு விடை காண அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றனர். அவ்விடையின் முதன்மையான ஒரு பகுதி 2011-ஆம் ஆண்டிலே, கண்ணாற் காண்டற்கரிய ஒரு நுண்முனையின் அடியிற் கிடைத்தது. அதனை எம்மால் இயன்ற அளவு தமிழில் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருத்தாசலமும் ஒரு கிண்ணமும்

வேப்பூரினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை நம்மை விருத்தாசலத்திற் கொண்டு சேர்க்கும். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலாற் பெயர்பெற்றது போலவே, பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்றது. மின்சாரத்திற்குரிய ஃபியூஸ் கட்டைகளும், கிண்ணங்களும், பொம்மைகளும் ஆண்டு வார்க்கப்பெற்றுச் சூளையில் வேகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசினர் நிறுவனமும் அவ்வூரில் உண்டு. இனி, அவ்வூர்ப்பெயரின் பொருளையும் நோக்குவோம். விருத்தம் என்னும் வடசொல் முதுமையைக் குறிக்கும். அசலம் என்பது அசையாதது, அஃதாவது மலை. முதுகுன்றம் என்பது அதன் தமிழ்ப்பெயர். அசையாது கிடப்பது மூப்பெய்தும் என்பதே நம் கட்டுரைப் பொருளுமாதலின், இப்பெயர் மாணாக்கர்க்கு ஒரு நினைவுக்குறியாக உதவும்.

பீங்கானுக்கு முதற்பொருள்கள் வெண்களிமண்ணும், குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லும், ஃபெல்ஸ்பார் என்னும் கல்லுமாம். அதன்மேற் பளபளக்கும் கிளேஸ் என்னும் பூச்சோ உருகிப் படிந்த ஒருவகைக் கண்ணாடியே. அக்கண்ணாடியின் பெரும்பகுதி சிலிக்கா. ஆற்று மணலிலும், மலைப்பாறையிலும், சன்னற் கண்ணாடியிலும் உள்ளது அதுவே. ஆதலின், கிளேஸ் பூசிய ஓட்டின்மேல் வைத்த ஒரு பீங்கான் கிண்ணத்தை இக்கட்டுரை முழுதும் நமக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குயவன் வீட்டிற்குச் சென்று பாடங் கற்றுவருமாறு தீர்க்கதரிசி ஏவப்பட்ட வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. குயவன் வனைந்து முடித்த கலத்தினிடத்தும் கற்பதற்கு இன்னும் உண்டு என்பதை இனிக் காண்போம்.

உராய்வு என்பது யாது?

ஒரு பொருளின் மேற்பரப்பு மற்றொன்றன் மேற்பரப்பைத் தொட்டு நகர முயலும்போது அந்நகர்ச்சியைத் தடுத்து நிற்கும் விசையே உராய்வு எனப்படும். உராய்தல், உரைதல், உரசுதல், தேய்தல், இழைத்தல், அரைத்தல் எனத் தமிழில் இதற்குத் தொடர்புடைய வினைகள் பல. பொன்னை உரைத்து மாற்றுக் காணும் கல் உரைகல் எனப்பட்டது. அக்கல்லிற் படியும் பொற்கீற்று, பொன்னின் நுண்துகள்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டு தாய்ப்பொருளினின்று பெயர்ந்து வந்தமையைக் காட்டும். உராய்வில் ஒட்டுதலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு அக்கீற்றே சான்றாம்.

உராய்வு இருவகைப்படும். நிற்கும் பொருளைக் கிளப்புதற்கு வெல்ல வேண்டிய தடை நிலை உராய்வு. ஓடும் பொருளை ஓடிக்கொண்டேயிருக்கச் செய்தற்கு வெல்ல வேண்டிய தடை இயக்க உராய்வு. முன்னது பெரும்பாலும் பின்னதைவிட மிகும். நிலைபெற்ற தேரை முதலிற் கிளப்புதற்கு நெம்புகோலும் பலர் கூடிய வலிமையும் வேண்டும். கிளம்பிய பின் அத்துணை வலிமை வேண்டுவதில்லை. தேரின் திறத்தில் உருளை மண்ணிற் புதைதல் முதலிய பிற காரணங்களும் உண்டு. ஆயினும், அச்சும் உருளையும் தொடும் இடத்தில் நிகழ்வது நாம் கூறும் உராய்வே.

பழையோர் கண்ட விதிகள்

இத்தாலி நாட்டு லியொனார்டோ டா வின்சி என்பார் தம் குறிப்பேடுகளில் உராய்வைப் பற்றி எழுதிவைத்தனர். அவை அக்காலத்து அச்சேறவில்லை. 1699-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் என்பார் அவ்வுண்மைகளையே தாமாகக் கண்டு வெளியிட்டனர். அவை இரண்டு: உராய்வு, பொருளை அழுத்தும் சுமைக்கு ஏற்றவாறு கூடும், பொருளின் அடிப்பரப்பு அகன்றதாயினும் குறுகியதாயினும் உராய்வு மாறுவதில்லை. செங்கல்லைப் படுக்கவைத்து இழுப்பினும் பக்கவாட்டில் நிறுத்தி இழுப்பினும் வேண்டும் வலிமை ஏறத்தாழ ஒன்றே. பரப்பு மிகின் பிடிப்பும் மிகும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. அவ்வெண்ணத்திற்கு மாறாக நின்ற இவ்விதி நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

1785-இல் சார்ல் அகுஸ்தேன் டெ கூலோம் என்னும் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் உராய்வு பற்றிய தம் விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டனர். மரத்தின்மேல் மரத்தை வைத்து, வைத்த நேரத்தை மாற்றி மாற்றி அளந்து, நிற்கும் நேரம் மிக மிக நிலை உராய்வும் மிகுகின்றது என்று அவர் கண்டனர். தொடுகை மூப்பு என்று நாம் ஈண்டுக் கூறுவது இதுவே. இரு தூரிகைகளின் மயிர்கள் ஒன்றனுள் ஒன்று புகுந்து பிணைவது போல மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் பிணைகின்றன என்று அவர் விளக்கினர். மரத்திற்கு அவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். கண்ணாடி போல் வழவழக்கும் பீங்கானுக்கு அது போதாது.

மெய்த்தொடுகை

இப்புதிரை அவிழ்த்தவர்கள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பிலிப் பௌடனும் டேவிட் டேபரும் ஆவர். உலோகப் பரப்புகள் இரண்டினூடே மின்சாரத்தைச் செலுத்தி, அவை மெய்யாகவே எவ்வளவு தொடுகின்றன என்பதை அளந்து, 1939-இல் அவர்கள் வெளியிட்டனர். எத்துணை வழவழப்பான பரப்பும் நுண்ணிய நிலையில் மலைத்தொடர் போன்றதே. ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து மற்றொரு மலைத்தொடரின்மேல் வைத்தால், சில கொடுமுடிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும்; ஏனைய இடமெல்லாம் வெளியாகவே கிடக்கும். கொடுமுடிகள் தொடும் அச்சிற்றிடங்களின் கூட்டே மெய்த்தொடுகைப் பரப்பு.

நம் கிண்ணத்திற்கு இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கிண்ணத்தின் நிறை 200 கிராம் எனின், அது கீழே அழுத்தும் விசை ஏறத்தாழ 2 நியூட்டன். கிளேஸ் போன்ற கண்ணாடிப் பொருளின் கடினம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 நியூட்டன். அஃதாவது, அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் வரை கொடுமுடிகள் நசுங்கித் தட்டையாகும்; பின்னர் நசுங்குதல் நிற்கும். ஆகவே மெய்த்தொடுகை 2-ஐ 6,000-ஆல் வகுத்து வருவது. ஒரு சதுர மில்லிமீட்டரில் 3,000-இல் ஒரு பங்கு. கிண்ணத்தின் அடிவளையமோ 300 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது எனக் கொள்ளலாம். எனவே, தொடுவதாக நம் கண்ணுக்குத் தோன்றும் இடத்தில் ஒன்பது இலட்சத்தில் ஒரு பங்கே மெய்யாகத் தொடுகின்றது! கிண்ணம் ஓட்டின்மேல் அமர்ந்திருக்கிறது என்பதினும், சில ஊசிமுனைகளின்மேல் நிற்கிறது என்பதே பொருந்தும்.

அமோந்தோன் விதிகள் இரண்டும் இதனால் விளங்குகின்றன. பத்துக் கிண்ணங்களை அடுக்கின் சுமை பத்து மடங்காகும், நசுங்கும் முனைகளின் பரப்பும் பத்து மடங்காகும், உராய்வும் அவ்வாறே. அடிவளையம் அகன்றதாயின் சுமை பரவி நிற்குமேயன்றி, மெய்த்தொடுகையின் மொத்தம் மாறாது. கண்ணுக்குத் தெரியும் பரப்புக்கும் உராய்வுக்கும் உறவில்லை. காணாத பரப்புக்கே உறவு உண்டு.

நுண்முனையின் கீழ்

நிற்க. அவ்வொற்றைக் கொடுமுடியின் நுனியில் நிகழ்வது யாது என்பதே அடுத்த வினா. அதனை ஆராய்தற்கு அணுவிசை நுண்ணோக்கி என்னும் கருவி வேண்டியிருந்தது. இதனை 1986-இல் கெர்டு பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் என்னும் மூவர் உலகிற்கு அறிவித்தனர். வளையத்தக்க ஒரு சிறு தகட்டின் நுனியில் மிகக் கூரிய முனை ஒன்று அமைந்திருக்கும். அம்முனையின் ஆரம் சில பத்து நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் இதன் நுண்மை விளங்கும். முனையை ஒரு பரப்பின்மேல் இழுக்குங்கால் தகடு முறுக்கிக் கொள்ளும். தகட்டின் முதுகிற் படும் லேசர் ஒளி தெறித்துச் செல்லும் திசையைக் கொண்டு அம்முறுக்கை அளப்பர். முறுக்கின் அளவே உராய்வின் அளவு.

1987-இல் அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். ஆராய்ச்சிச்சாலையில் மேட் என்பாரும் அவர்தம் தோழரும் இவ்வாறு டங்ஸ்டன் முனையைக் கிராஃபைட்டின்மேல் இழுத்தனர். முனை வழுக்கிச் செல்லவில்லை. தங்கித் தங்கித் தாவிச் சென்றது. ஒவ்வொரு தாவலின் நீளமும் கிராஃபைட்டில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள இடைவெளியோடு ஒத்திருந்தது. அது ஒரு நானோமீட்டரில் ஏறத்தாழக் காற்பங்கு. முட்டைகள் அடுக்கும் தட்டின்மேல் ஒரு கோலியை இழுப்பின் அது குழிதோறும் தங்கித் தாவுவது போல்வது இது. இவ்வாறு நிகழக்கூடும் என்று லுட்விக் பிராண்டல் 1928-இலும், டாம்லின்சன் 1929-இலும் கணக்கினாற் கூறியிருந்தனர்.

நுண்ணளவில் உராய்வின் இயல்பு வேறு இரண்டு வகையாலும் பெரும்பொருளின் உராய்வினின்று மாறுபடும். முதலாவது, ஒட்டுதல் அங்கே பெருவிசையாகின்றது. சுமையை முழுதும் நீக்கிய பின்னும், முனை பரப்போடு ஒட்டிக்கொண்டு உராய்வு காட்டும். இரண்டாவது, வெப்பம் அங்கே ஒரு பங்காளியாகின்றது. அணுக்கள் வெப்பத்தால் இடையறாது நடுங்குவன. முனையை மெல்ல இழுப்பின் அந்நடுக்கம் துணைசெய்து குழியினின்று தாண்டுவிக்கும்; விரைந்து இழுப்பின் நடுக்கம் துணைசெய்யப் போதிய நேரம் இராது. ஆதலின் இத்தகைய தொடுகையில் விரைவு மிகின் உராய்வு சிறிதளவு மிகும். பிணைப்பை அவிழ்க்க உதவும் அந்நடுக்கமே, முனை அசையாது நிற்கும்போது புதிய பிணைப்பு உண்டாதற்கும் உதவும் என்பதை மாணாக்கர் மனங்கொள்க. தொடுகை மூப்பின் மறைபொருள் அதிலேதான் அடங்கியுள்ளது.

மூப்பின் இரு வழிகள்

1972-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் டீட்டரிக் என்பார் பாறைகளின் உராய்வை அளந்து, அவையும் நிற்க நிற்க வலுக்கின்றன என்று காட்டினர். அவ்வளர்ச்சி ஒரு விந்தையான ஒழுங்குடையது. ஒரு நொடியினின்று பத்து நொடி வரை நிற்பதால் எவ்வளவு கூடுமோ, அவ்வளவே பத்தினின்று நூறு நொடி வரை நிற்பதாலும், நூற்றினின்று ஆயிரம் நொடி வரை நிற்பதாலும் கூடும். இதனைக் கணித நூலார் மடக்கை வளர்ச்சி என்பர். பாறைகளில் காலம் பத்து மடங்காகுந்தோறும் நிலை உராய்வு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கூடுவது பொதுவியல்பு. ஓராண்டில் 3 கோடியே 15 இலட்சம் நொடிகள் உள. எனவே ஒரு நொடியினின்று ஓராண்டு வரையில் ஏழரைப் பத்துமடங்குகள் கழியும். ஓராண்டினின்று நூறாண்டு வரையிலோ இன்னும் இரண்டே. முதல் நூறு நொடியிற் பெற்ற பிடிப்பும், பிந்திய தொண்ணூற்றொன்பது ஆண்டிற் பெறும் பிடிப்பும் ஒன்றே என்றால் வியப்பன்றோ!

இம்மூப்பு யாங்ஙனம் நிகழ்கின்றது? இதற்கு இரு விடைகள் கூறப்பெற்றன. ஒன்று, தொடும் இடம் அளவாற் பெருகுகின்றது என்பது. நசுங்கிய கொடுமுடிகள் சுமையின் கீழ் மேலும் மெல்ல மெல்லத் தட்டையாகும். மெய்த்தொடுகைப் பரப்பு விரியும். டீட்டரிக்கும் கில்கோரும் ஒளி ஊடுருவும் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தொடுபுள்ளிகள் காலத்தோடு விரிவதை நுண்ணோக்கியாற் கண்ணாரக் கண்டு 1994-இல் வெளியிட்டனர். மற்றொன்று, தொடும் இடம் பண்பால் உறுதியடைகின்றது என்பது. பரப்பு விரியாமலே, இரு பொருள்களின் அணுக்களுக்கிடையே வேதிப்பிணைப்புகள் ஒவ்வொன்றாக உண்டாகிப் பிடிப்பை மிகுவிக்கும். இவற்றுள் முன்னது கண்ணுக்குப் புலனாயினமையின் பலரும் அதனையே பெரிதாகக் கொண்டனர்; பின்னதற்கு நேரிய சான்று இல்லாதிருந்தது.

2011-ஆம் ஆண்டுச் சோதனை

அச்சான்றை அளித்தவர்கள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினரும் பிரௌன் பல்கலைக்கழகத்தினருமாகிய லி, டல்லிஸ், கோல்ட்ஸ்பி, கார்பிக் என்னும் நால்வர். அணுவிசை நுண்ணோக்கியின் சிலிக்கா முனையைச் சிலிக்காப் பரப்பின்மேல் இழுத்து, பின் நிறுத்தி, குறித்த நேரம் காத்து, மறுபடி இழுத்தனர். ஈண்டுத் தொடுவது ஒரே ஒரு நுண்முனை. சுமையும் முனை நசுங்கி விரியாத அளவே. எனவே பரப்பு விரிதல் என்னும் முதற்காரணத்திற்கு அங்கே இடமில்லை. ஆயினும் நிற்கும் நேரம் மிக மிக நிலை உராய்வு அதே மடக்கை ஒழுங்கிலே கூடிற்று. பின்னர்ச் சிலிக்கா முனையை வைரத்தின்மேலும் கிராஃபைட்டின்மேலும் வைத்து அவ்வாறே செய்தனர். அவை சிலிக்காவோடு எளிதிற் பிணையாதன. அங்கே மூப்பு ஏறக்குறைய இல்லாதொழிந்தது. ஒன்றை நீக்கி ஒன்றை வைத்து உண்மை காணும் முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. பிணைப்பு மட்டுமே மூப்பைத் தர வல்லது என்பது இதனால் உறுதியாயிற்று.

அப்பிணைப்பின் இயல்பு வருமாறு. சிலிக்காவின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் என்னும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் கூட்டுகள் மயிர்க்கால் போல நிறைந்திருக்கும். எதிரெதிரே நின்ற இரண்டு கூட்டுகள் கலந்து ஒரு நீர் மூலக்கூற்றை விடுத்து, சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் என்னும் உறுதியான பாலமாக மாறும். பாறையையும் பீங்கானையும் உள்ளே கட்டி நிறுத்தும் பிணைப்பு யாதோ, அதுவே இரு பொருள்களுக்கிடையேயும் தோன்றுகின்றது. நாம் கிண்ணம், ஓடு என இரண்டாக எண்ணுவன, தொடும் அச்சிற்றிடங்களில் ஒன்றாக முயல்கின்றன என்க.

இனி, வளர்ச்சி மடக்கை ஒழுங்கில் அமைவது ஏன்? பிணையத்தக்க இடங்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. சில, நன்கு எதிரெதிரே அமைந்து விரைவிற் பிணையும். சில, கோணலாகவும் விலகியும் நின்று நெடுநேரங் கழித்தே பிணையும். ஒன்று பிணைந்தால் அதன் இழுப்பு அண்டையிலுள்ள இடங்களையும் சிறிது மாற்றும். எளியன முதலில் முடிய, அரியன எஞ்சி நிற்கும். அதனால் வளர்ச்சி நாளடைவில் மெலியும், ஆனால் முற்றும் நில்லாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து லியுவும் ஷ்லுஃபார்ஸ்காவும் 2012-இல் கணிப்பொறி கொண்டு இதனைக் காட்டினர். நூல் பயில்வாரும் இதனைத் தம் அனுபவத்தில் அறிவர். எளிய சூத்திரங்கள் முதலில் மனத்திற் பதியும். அரியன பதியக் காலம் நீளும்.

மற்றுமொரு செய்தி. ஒற்றை முனையிற் கண்ட மூப்பு, பெரும்பாறையிற் கண்டதைவிட மிகப் பெரிதாயிருந்தது. இம்முரணுக்கும் அந்நால்வரே விடை கூறினர். பெரும்பொருளில் எண்ணிறந்த தொடுபுள்ளிகள் உள. அவை அனைத்தும் ஒரே கணத்தில் விடுபடா. சில முந்தி விடும், சில பிந்தி விடும். முந்தி விட்டவை மூப்பிழந்து இளமை எய்திவிடுதலின், முழுப்பொருளும் நகரும் வேளையில் எல்லாப் புள்ளிகளின் முழு வலிமையும் ஒருங்கே கூடுவதில்லை. ஒருங்கே பிடித்து இழுக்கும் ஊரார்க்கும், ஒருவர் இழுக்கும்போது ஒருவர் விட்டுவிடும் ஊரார்க்கும் உள்ள வேறுபாடே இது.

நீரின் பங்கு

காற்றிலுள்ள ஈரமும் மூப்பிற்குக் காரணமாவதுண்டு. இரு மணிகள் தொடும் இடத்தைச் சூழ்ந்த நுண்ணிடுக்கில் நீராவி தானே நீராகத் தங்கிச் சிறு பாலம் போல் நின்று அவற்றைப் பிடித்திழுக்கும். 1998-இல் பொக்கே முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் குவித்து, ஈரக்காற்றில் அக்குவியல் நெடுநேரம் கிடக்கக் கிடக்க அது சரியத் தொடங்கும் கோணமும் மடக்கை ஒழுங்கிற் கூடுவதைக் காட்டினர். பொடியைச் சேமிப்போர் எல்லாரும் இதனைக் கருதற்பாலர். மூட்டையிற் கிடந்த பொடி மழைக்காலத்தே கட்டிபட்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் விளையும் பயன்

தொடுகை மூப்பெய்தும் எனின், இயக்கம் அதன் இளமை. பொருள் சிறிது தூரம் வழுக்கியவுடன் பழைய தொடுபுள்ளிகள் அழிந்து புதியன தோன்றும், மூப்பு நீங்கும். விரைந்து ஓடுங்கால் எப்புள்ளியும் மூப்படைய நேரம் பெறாது. ஆதலின் ஓட ஓடப் பிடிப்புக் குறையும். குறையக் குறைய ஓட்டம் மிகும். நின்று நின்று திடீரெனப் பாயும் அசைவு இதனாலேயே பிறக்கின்றது. கதவின் கிறீச்சொலியும், வயலினின் நாதமும் அவ்வாறு பிறப்பன. டீட்டரிக்கும் 1983-இல் ஆண்டி ரூயினாவும் இவ்வுண்மையைச் சமன்பாடாக அமைத்துத் தந்தனர். இன்று நிலநடுக்க ஆராய்ச்சியாளர் கையாள்வது அதுவே.

நிலநடுக்கமோ நம் மாவட்டத்திற்கு ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், சுமத்திராத் தீவின் மேற்கே கடலடியில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பாறைப்பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு நழுவிற்று. நடுக்கத்தின் அளவு 9.1. எழுந்த கடற்பேரலை அன்று காலையிலேயே கடலூர்க் கரையை அடைந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு முதலிய மீனவர் ஊர்கள் பாழாயின. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். பாறைப்பிளவு ஒரு முறை நழுவியபின் மீண்டும் பிடிப்பைப் பெறுவதும், பின்னும் பல்லாண்டு பூட்டிக் கிடப்பதும், இறுதியில் விடுபட்டுப் பாய்வதும் யாங்ஙனம் என்பதை அறிய முயல்வார்க்குத் தொடுகை மூப்பு இன்றியமையாத அறிவாகும். நிலத்தின் ஆழத்தே வெப்பமும் நீரும் அழுத்தமும் கூடிச் செயற்படுதலின், இவ்வொன்றைக் கொண்டே நடுக்கம் வரும் நாளைக் குறித்தல் இயலாது. ஆயினும், நுண்முனையின் அடியிலே சிலிக்காவைக் கண்டு ஆராய்வது விளையாட்டன்று என்பது இதனாற் போதரும். அங்கே ஒரு நொடியில் நிகழும் பிணைப்பும், கடலடியில் நூறாண்டு நிகழும் பிணைப்பும் ஒரு குலத்தின.

சிறு பொறிகளுக்கும் இவ்வறிவு வேண்டும். மயிரினும் நுண்ணிய உறுப்புகளையுடைய பொறிகள் இன்று நம் கைப்பேசிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் உள. அவற்றில் உறுப்பின் எடை மிகச் சிறிது, ஒட்டுதலோ பெரிது. ஒன்றையொன்று தொட்டுக் கிடந்த உறுப்புகள் ஒட்டியவாறே நின்றுவிடின் பொறி பாழாகும். ஆதலின் அவற்றின்மேல் எளிதிற் பிணையாத பூச்சைப் பூசுவர். சிலிக்கா வைரத்தோடு மூப்பெய்தாமையைக் கண்ட சோதனை, இத்தகைய பூச்சினைத் தேடுவார்க்கு வழிகாட்டும்.

தாமே செய்து காணத்தக்கது

மாணாக்கர் இதனைச் சிறிது தாமே சோதித்துப் பார்க்கலாம். கழுவி உலர்த்திய கிளேஸ் ஓடு ஒன்றைப் பலகையிற் பதித்து, அதன்மேல் ஒரு சிறு பீங்கான் வில்லையை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. வில்லை நழுவத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்க. உயர்த்துமுன் 10 நொடி காத்தும், 100 நொடி காத்தும், 1,000 நொடி காத்தும் இவ்வாறே செய்க. வில்லை நழுவும் கோணம் ஏறத்தாழ 22 பாகையாயின், பாறைக்குரிய அளவில் மூப்பு நிகழ்வதாகக் கொண்டால், காலம் பத்து மடங்காகுந்தோறும் கோணம் பாகையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். இது மிகச் சிறிது, கைந்நடுக்கத்தில் மறைந்துவிடும். ஆகையால் ஒவ்வொன்றையும் இருபது முறையேனும் செய்து சராசரி காணல் வேண்டும். ஈரமான நாளிலும் உலர்ந்த நாளிலும் செய்து ஒப்பிடுவது இன்னும் நன்று. பொறுமையே ஈண்டு முதற்கருவி.

முடிவுரை

தமிழ் பயில்வார்க்கு இத்துறையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். உராய்வு, தேய்வு, ஒட்டு, பிணைப்பு, மூப்பு, பிடிப்பு என இக்கட்டுரைக்கு வேண்டிய உயிர்ச்சொற்கள் யாவும் உழவரும் குயவரும் கொல்லரும் நாள்தோறும் வழங்குவன. அவற்றைத் திரட்டி வரையறுத்துத் தரின், பீங்கான் சூளையில் உழைப்பாரின் மக்களும் தம் தொழிலின் உள்ளியல்பைத் தம் மொழியிலேயே கற்பர். அப்பணி தமிழ் மாணாக்கர்க்கு உரியதன்றி வேறு யார்க்கு உரியது?

வாளா கிடப்பதாக நாம் எண்ணும் கிண்ணம் வாளா கிடக்கவில்லை. அதன் அடியில், ஒன்பது இலட்சத்தில் ஒரு பங்காகிய சிற்றிடத்தில், பிணைப்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றிய வண்ணமே உள. கண்ணுக்குத் தெரியும் பரப்பைக் கொண்டு பிடிப்பை அளந்தோர் பிழைத்தனர். காணாத இடத்தைத் தேடிச் சென்றோர் உண்மையைக் கண்டனர். சிறியதை ஆராய்தலில் சலிப்புறாத மனத்தை நம் கல்லூரி மாணாக்கர்க்கெல்லாம் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.